கடைசிப் பக்கத்துல யாரும் சாகாத புக் வேணும், 15 வயசுப் பொண்ணுக்கு

கணக்குடீச்சர்_கோவை

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ரொம்ப நாளா இங்க சும்மா படிச்சுட்டு மட்டும் போறவ, இப்பதான் முதல் தடவையா கேக்கறேன், தப்பா ஏதாவது எழுதினா சொல்லுங்க, திருத்திக்கறேன்.

என் அக்கா பொண்ணு பத்தாவது பரிச்சை எழுதிட்டு லீவுக்கு எங்க வீட்டுக்கு வந்திருக்கா. போன வாரம் மொட்டை மாடியில வடகம் காயப்போட்டுட்டு காக்கா வராம ரெண்டு பேரும் காவல் உக்காந்திருந்தோம், அப்ப பேச்சுவாக்குல "சித்தி, எனக்கு கிளாஸ்ல ஒரு பொண்ணைப் பிடிச்சிருக்கு, ஃப்ரெண்டா இல்ல, அந்த மாதிரி"ன்னு சொன்னா. சொல்லிட்டு என் மூஞ்சியப் பாக்கவே இல்ல, வடகத்தையே பாத்துட்டு இருந்தா. நான் "சரி கண்ணு"ன்னு மட்டும் சொன்னேன். அதுக்கு மேல வாய் வரல. அப்புறம் ஒரு மணி நேரம் காக்கா ஓட்டினோம், வேற ஒண்ணும் பேசல.

அவ நல்லா படிப்பா, எனக்குத்தான் கதைப் புத்தகம்னா தூரம். பிரச்சனை என்னன்னா அவளே நெட்ல தேடி நாலஞ்சு கதை படிச்சிருக்கா போல, எதை எடுத்தாலும் கடைசியில ஒருத்தி செத்துப்போறா, இல்லாட்டி கழுத்தை நீட்டிட்டுப் போயிடறா. "எல்லாரும் செத்துட்டே இருக்காங்க சித்தி"ன்னு சிரிச்சுட்டேதான் சொன்னா, எனக்குத்தான் சிரிப்பு வரல.

அதனால கேக்கறேன், அவ வயசுப் பசங்க பொண்ணுங்க வர்ற கதையா, கடைசியில உயிரோட இருக்கற கதையா ஏதாவது இருக்குங்களா? தமிழ்ல இருந்தா சந்தோஷம், இங்கிலீஷும் ஓகே, ரொம்ப கடினமா இல்லாம. ராக்கெட், ஸ்பேஸ்னா உயிரை விடுவா, ஆனா அது இல்லாட்டியும் பரவாயில்ல. அக்காவுக்கு இன்னும் தெரியாது, அவளே சொல்லற வரைக்கும் நான் சொல்லப்போறதும் இல்ல. வீட்டுல நான், பத்து வருஷமா என்கூட தங்கியிருக்கற ஃப்ரெண்டு, ரெண்டு பூனை, அவ்வளவுதான், அதனால இங்க படிக்கறதுல ஒரு தொந்தரவும் இல்லைங்க, ஊருக்கு எடுத்துட்டுப் போறப்பதான்.

பழையபேப்பர்_மயிலாப்பூர்

டீச்சர், உங்க அக்கா பொண்ணு சிரிச்சுக்கிட்டே சொன்னது இருக்கே, அதுதான் இந்த வகைப் புத்தகங்களோட மொத்த சரித்திரமும். நான் பழைய புத்தகம் பொறுக்கற ஆளு, கொஞ்சம் நீட்டி முழக்குவேன், பொறுத்துக்கோங்க.

அமெரிக்காவுல டீனேஜ் பசங்களுக்குன்னு எழுதின நாவல்ல இந்த விஷயம் முதல்ல வந்தது 1969ல, ஜான் டோனவன் எழுதினது, 'ஐ வில் கெட் தேர், இட் பெட்டர் பி வொர்த் த ட்ரிப்'னு நீளமான பேரு. 13 வயசுப் பையன் டேவி, வளத்த பாட்டி செத்துப்போக, நியூயார்க்ல குடிக்கற அம்மாகிட்ட வந்து சேருவான், அவனுக்குன்னு இருக்கறது ஒரு நாய்க்குட்டி மட்டும். ஸ்கூல்ல ஒரு பையன் ஃப்ரெண்டாவான், ஒரு முத்தம், அவ்வளவுதான் நடக்கும். அதுக்கப்புறம் அந்த நாய் கார்ல அடிபட்டு செத்துப்போகும், பையன் தான் செஞ்சதுக்குத்தான் இந்த தண்டனைன்னு நெனச்சுப்பான். அதாவது முத்தம் குடுத்தது ரெண்டு பசங்க, செத்தது நாய். இதை நான் முதல்ல படிச்சப்போ புக்கை மூடி வச்சுட்டு ஒரு டீ குடிச்சுட்டு வந்துதான் மிச்சத்தைப் படிச்சேன்.

அதுக்கப்புறம் பத்துப் பன்னெண்டு வருஷம் இதே கதைதான். 1974ல சாண்ட்ரா ஸ்கோப்பெட்டோன் எழுதினதுல ரெண்டு பசங்கள்ல ஒருத்தன் கார் ஆக்சிடென்ட்ல போயிடுவான். அந்தக் காலத்து புக்ஸ்ல கார்தான் வில்லன்னு ஒரு ஜோக்கே உண்டு. 1976ல ரோசா கை எழுதின 'ரூபி', ஹார்லெம்ல வெஸ்ட் இண்டீஸ் குடும்பத்துப் பொண்ணு, கறுப்பினப் பொண்ணுங்க ரெண்டு பேரோட காதல், அந்தக் காலத்துக்குப் பெரிய தைரியம், ஆனா பிரிஞ்சுடுவாங்க. இங்கிலாந்துல 1982ல ஐடன் சேம்பர்ஸ் எழுதினது, அருமையான எழுத்து, ஆனா தலைப்புலயே கல்லறை இருக்கு, இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

அதே 1982லதான் நான்சி கார்டன் எழுதின 'ஆனி ஆன் மை மைண்ட்' வந்துச்சு. டீச்சர், உங்களுக்கு வேண்டியது இதுதான்.

லைசா, ஆனி, ரெண்டு பேருக்கும் 17 வயசு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல பாத்துப்பாங்க. லைசா ஒரு தனியார் ஸ்கூல்ல மாணவர் தலைவி, ஆர்க்கிடெக்ட் ஆகணும்னு ஆசை, ஆனி பாடற பொண்ணு, வசதி கம்மி. சினேகம் மெதுவா மெதுவா வேற ஒண்ணா மாறும், அந்த மெதுவுதான் புக்கோட அழகே. லைசா ஸ்கூல்ல ரெண்டு டீச்சரம்மாங்க ஒரே வீட்டுல சேர்ந்து இருப்பாங்க, அவங்க லீவுக்கு ஊருக்குப் போறப்போ பூனைங்களுக்கு சாப்பாடு வைக்க லைசாகிட்ட சாவி குடுத்துட்டுப் போவாங்க, அங்கதான் எல்லாம் மாட்டிக்கும். விசாரணை, கமிட்டி, எல்லாம் நடக்கும், டீச்சருங்க ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். லைசா காலேஜுக்குப் போய் ஆனிக்கு லெட்டரா எழுதிட்டே இருப்பா, ஒண்ணைக்கூட போஸ்ட் பண்ண மாட்டா. கடைசியில என்ன நடக்குதுன்னு சொல்ல மாட்டேன், யாரும் சாகல, ஒரு போன் கால் வருது, அவ்வளவு சொல்றேன்.

இன்னொண்ணு. நான்சி கார்டன் சின்ன வயசுல 'தி வெல் ஆஃப் லோன்லினெஸ்'னு 1928ல வந்த நாவலைப் படிச்சாங்க, அதுவும் சோகமாத்தான் முடியும். அப்பவே, நம்ம மாதிரி ஆளுங்களைப் பத்தி நல்லபடியா முடியற ஒரு புக்கை நான் ஒரு நாள் எழுதுவேன்னு முடிவு பண்ணினதா பல இடத்துல சொல்லியிருக்காங்க. உங்க அக்கா பொண்ணு மாடியில சொன்னதும் இவங்க சொன்னதும் ஒண்ணுதானே.

சும்மா_ஒரு_அப்பா

யாரையும் புண்படுத்த சொல்லல. எனக்கும் 14 வயசுல பொண்ணு இருக்கா. அந்த வயசுல இதெல்லாம் வரும் போகும், நாமளே புக்கு வாங்கிக் குடுத்து ஊதிப் பெருசாக்கணுமா? அம்மாவுக்குத் தெரியாம சித்தி குடுக்கறதும் எனக்கு சரியாப் படல. நாளைக்குத் தெரிஞ்சா அக்கா தங்கச்சி உறவு என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க மேடம்.

பின்பெஞ்ச்_நெல்லை

சார், நீங்க கேக்கறது தப்பில்ல, ஆனா நான் அந்த 15 வயசா இருந்தவன், அதனால சொல்லுதேன். எனக்கு யாரும் புக்கு குடுக்கல. ஊதிப் பெருசாக்க ஆளே இல்ல. அது சின்னதாகவும் இல்ல, போகவும் இல்ல, இப்ப வயசு 33.

எனக்குக் கிடைச்சது எல்லாம் சாயங்காலப் பேப்பரு. அதுல 'ஓரினச்சேர்க்கை'ன்னு ஒரு வார்த்தை வரும், எப்ப வந்தாலும் அதுக்குப் பக்கத்துலயே கொலை, கைது, லாட்ஜ் இந்த மூணுல ஒண்ணு நிக்கும். நான் எட்டாப்புல ஒரு பயலோட சைக்கிள் பின்னாடி உக்காந்து போகணும்னு ஏங்கினேன், அவ்வளவுதான் என் ஆசை, அதுக்குப் பேரு இதுவான்னு பேப்பரைப் பாத்து நடுங்கிப் போயிட்டேன். அந்த வார்த்தையில சேர்க்கை மட்டும்தான் இருக்கு சார், பிரியம்னு ஒண்ணு இல்ல.

மேல அண்ணாச்சி சொன்ன 'ஆனி' புக்கை நான் 26 வயசுல பெங்களூர்ல வேலைக்குப் போன பெறகுதான் படிச்சேன். அதுல லைசா வீட்டுல இருக்கற என்சைக்ளோபீடியாவை எடுத்து இதைப் பத்தி என்ன போட்டிருக்குன்னு தேடுவா. பக்கம் பக்கமா போட்டிருக்கும், ஆனா அந்த முழுக் கட்டுரையிலயும் காதல்ங்கற வார்த்தை ஒரு தடவை கூட இல்லைன்னு அவளுக்குத் தோணும். 1982ல நியூயார்க்ல ஒரு பொண்ணுக்குத் தோணினது, திருநெல்வேலி ஜங்ஷன்ல பேப்பர் கையில வச்சுட்டு நின்ன எனக்கும் தோணிச்சு, சொல்லத்தான் தெரியல. இப்ப தன்பாலீர்ப்புன்னு ஒரு வார்த்தை இருக்கு, ஈர்ப்புன்னாவது வருது. கோர்ட் சொல்லி 2022ல தமிழ்நாடு அரசே எந்தெந்த வார்த்தையை மரியாதையா பயன்படுத்தணும்னு ஒரு பட்டியல் போட்டாச்சு. பேப்பர்காரங்க எல்லாரும் இன்னும் அதைப் படிச்ச மாதிரி தெரியல.

அம்மாவுக்குத் தெரியாம குடுக்கறது பத்தி, அந்தப் பொண்ணு ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து சொல்லியிருக்கா. அதை அடுத்த ஆளுகிட்ட கொண்டு போறது அவ வேலை, சித்தி வேலை இல்ல. இதுல நான் டீச்சர் பக்கம்.

ஸ்காபரோ_ஆச்சி

வணக்கம் பிள்ளையள். நான் கொழும்பில பிறந்து வளந்து இப்ப கனடாவில இருக்கிறன். ஒருத்தரும் எங்கட ஆக்களின்ர கதையைச் சொல்லேல்லையே எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.

ஷியாம் செல்வதுரை கொழும்புக்காரர், தகப்பன் தமிழ், தாய் சிங்களம், 83 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோட கனடா வந்தவை. அவற்ற 'ஃபன்னி பாய்' எல்லாருக்கும் தெரியும், 1994ல வந்தது, ஆனா அது பெரியாக்களுக்கு எழுதினது, கலவரமும் வருது, 15 வயசுக்கு கொஞ்சம் பாரம். நான் சொல்லுறது 2005ல வந்த 'ஸ்விம்மிங் இன் த மான்சூன் சீ'. இது இளம் பிள்ளையளுக்கெண்டே எழுதினது. 1980, கொழும்பு, அம்ரித் எண்டு 14 வயசுப் பெடியன், தாய் தேப்பன் இல்லை, தாயின்ர சினேகிதி வீட்டில வளருறான். பள்ளிக்கூட விடுமுறை, ஒதெல்லோ நாடகத்தில நடிக்கோணும் எண்டு ஆசை, மாமா முறையான ஒராளின்ர அலங்கார மீன் வியாபாரத்தில டைப்ரைட்டிங் பழகுறான், சரியான போரடிக்கிற விடுமுறை. அப்ப கனடாவில இருந்து தாயின்ர தமையனும் மகனும் வருகினம்.

இப்ப கவனியுங்கோ, தாயின்ர தமையன்ர மகன் எண்டா எங்கட முறையில என்ன? மச்சான். வந்தது மச்சாளா இருந்திருந்தா ஊரே சிரிச்சுக் கதைச்சு, பகிடி பண்ணி, சிலவேளை சம்பந்தமும் பேசியிருக்கும். மச்சானா வந்தபடியால அந்தப் பெடியன் தனிய இருந்து வேகிறான். இங்கிலீஸ்ல 'கசின்' எண்டு வாசிக்கிற வெள்ளைக்காரருக்கு இது விளங்காது, எங்களுக்குத்தான் இதில ஒரு சிரிப்பும் ஒரு வலியும் இருக்கு. நான் வாசிக்கேக்க என்ர பேத்திக்கு இதை விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போச்சு.

மச்சான் திரும்பி கனடாவுக்குப் போயிடுவான், காதல் கைகூடாது, அதை ஒளிக்கேல்லை நான். ஆனா பெடியன் தான் ஆரெண்டு தனக்குத்தானே சொல்லிக்கொள்ளுறான், அதோட முடியுது. இப்பிடியான எழுத்துக்கெண்டு குடுக்கிற லாம்ப்டா விருது கிடைச்ச புத்தகம். இலங்கையில இதைக் குற்றமெண்டு சொல்லுற 365A எண்ட பிரிவு, 1883ம் ஆண்டு வெள்ளைக்காரன் எழுதின சட்டக்கோவையில வாறது, இண்டைக்கும் புத்தகத்தில கிடக்குது, அதால அந்தக் கதை பழசாகவே இல்லை.

தூரிகை_87

நான் கொஞ்சம் குறுக்க பேசறேன், கோவிச்சுக்காதீங்க. ஏன் சோகமா இருக்கக் கூடாது? நம்ம ஊர்ல நடக்கறது அதுதானே. ரெண்டு பொண்ணுங்க சேர்ந்து விஷம் குடிச்சாங்கன்னு எத்தனை நியூஸ் பாக்கறோம். எல்லாம் சுபம்னு போட்டு ஒரு சின்னப் பொண்ணுகிட்ட குடுத்தா நாளைக்கு நிஜத்துல அடி வாங்கறப்போ புக்கு மேலயே நம்பிக்கை போயிடாதா?

இந்தியாவுல எழுதின ஒண்ணு சொல்றேன், ஹிமாஞ்சலி சங்கரோட 'டாக்கிங் ஆஃப் முஸ்கான்', 2014. தன்பாலின உறவைக் குற்றம்னு சொன்ன 377ங்கற சட்டப்பிரிவு செல்லும்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு குடுத்தது 2013 டிசம்பர், அடுத்த வருஷமே ஸ்கூல் பசங்களுக்குன்னு இப்படி ஒரு புக்கு, பதிப்பாளருக்கும் சேர்த்து ஒரு சல்யூட். முஸ்கான்னு ஒரு பொண்ணு தற்கொலைக்கு முயற்சி பண்ணி ஆஸ்பத்திரியில கிடக்கறதுலதான் கதையே ஆரம்பிக்குது. கூடப் படிக்கறவங்க மூணு பேரு மாத்தி மாத்தி சொல்றாங்க. நம்ம ஸ்கூல், நம்ம டியூஷன், நம்ம பசங்க பேசற பேச்சு, படிக்கறப்போ நெஞ்சு அடைக்கும்.

பழையபேப்பர்_மயிலாப்பூர்

தூரிகை, முஸ்கான் நானும் படிச்சேன், மதிக்கறேன். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா, மூணு பேரு கதை சொல்றாங்க, முஸ்கானுக்கு ஒரு அத்தியாயம் கூட கிடையாது. அவளைப் பத்தி எல்லாரும் பேசறாங்க, அவ பேசல. தலைப்பே அதானே. அந்த புக்கு முஸ்கான் பக்கத்து சீட்டுல உக்கார்ற பசங்களுக்கு, அவங்க கண்டிப்பா படிக்கணும். முஸ்கானே படிக்கணும்னா வேற புக்கு வேணும்.

சோகம் நிஜம்தான், இல்லைங்கல. ஆனா சோகமா முடிச்சது எல்லாம் நிஜத்தைக் காட்டத்தான்னு நினைக்காதீங்க. தப்பு பண்ணினவங்களுக்கு தண்டனை கிடைச்சாத்தான் புக்கு ஸ்கூல் லைப்ரரிக்குள்ள போகும்ங்கற கணக்கும் அதுல இருந்துச்சு. 'ஆனி'யில தண்டனை இல்ல, அதனாலதான் அதை எரிச்சாங்க. ஆமா, நிஜமாவே எரிச்சாங்க. 1993ல கன்சாஸ் சிட்டி பக்கம் பள்ளிகளுக்கு இலவசமா குடுத்த புக்கு, கல்வி அலுவலக வாசல்லயே கொளுத்தினாங்க. அங்க ஓலேத்தேன்னு ஒரு ஊர்ல பத்து வருஷமா லைப்ரரியில சும்மா இருந்த காப்பியையும் சேர்த்துத் தூக்கிட்டாங்க. அந்த ஊர் மாணவர்களும் பெத்தவங்களும் கேஸ் போட்டாங்க, நான்சி கார்டனே போய் சாட்சி சொன்னாங்க, 1995 நவம்பர்ல ஃபெடரல் ஜட்ஜ் புக்கைத் திருப்பி வைக்கச் சொல்லிட்டாரு. நாய் செத்த புக்கையும் கார் மோதின புக்கையும் கொளுத்தினதா நான் கேள்விப்பட்டதே இல்ல. போன் கால்ல முடியற புக்கைத்தான் தாங்க முடியல.

சும்மா_ஒரு_அப்பா

நான் சண்டைக்கு வரல. நேத்து ராத்திரி எல்லாத்தையும் உக்காந்து படிச்சேன். ஒரே கேள்வி. அந்த 1982 புக்குல அந்தப் பொண்ணோட அப்பா என்ன பண்றாரு?

பழையபேப்பர்_மயிலாப்பூர்

நல்ல கேள்வி சார். கத்தல, அடிக்கல, வீட்டை விட்டுத் துரத்தல. அம்மா இது சும்மா வயசுக் கோளாறா இருக்கணும்னு ஆசைப்படுவாங்க, இவரு உண்மையைத்தான் பாப்பாரு. உனக்குத் துணையா இருக்கேன்னு சொல்லுவாரு, ஆனா இப்படி இருக்கறவங்க முழு சந்தோஷமா இருக்க முடியும்னு தனக்குத் தோணல, குழந்தை குட்டின்னு இருக்காதேன்னும் சொல்லுவாரு. அந்தக் காலத்து மனுஷன், அவரால முடிஞ்ச தூரம் வந்தாரு. அந்த ஒரு பக்கத்தை நான் ரெண்டு தடவை படிச்சேன், எனக்கும் பையன் இருக்கான்.

நூலகத்துஅக்கா_சிங்கை

லேட்டா வர்றேன், மன்னிக்கணும். நான் சிங்கப்பூர்ல பள்ளிக்கூட நூலகத்துல வேலை பாத்தவ, அதனால புத்தகத்தோட சேர்த்து மத்த விஷயமும் சொல்றேன்.

முதல்ல கிண்டில். தயவுசெஞ்சு குடும்பத்துல எல்லாரும் பகிர்ந்துக்கற அக்கவுண்ட்ல வாங்காதீங்க. அம்மா போன்ல "இதைப் படிச்ச நீங்கள் இதையும் விரும்பலாம்"னு வானவில் அட்டையா வந்து நிக்கும், பொண்ணு வாயைத் திறக்கறதுக்குள்ள அமேசான் சொல்லிடும். உங்க பேர்ல காகிதப் புத்தகமா வாங்கி உங்க வீட்டு அலமாரியிலயே வைங்க. அவளுக்கு சித்தி வீட்டுக்கு வர ஒரு காரணமும் ஆச்சு.

இங்கிலீஷ் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னா 'ஹார்ட்ஸ்டாப்பர்', ஆலிஸ் ஓஸ்மன் எழுதி வரைஞ்சது. 2016ல நெட்ல காமிக்ஸா ஆரம்பிச்சாங்க, அப்புறம் புத்தகம், 2022ல நெட்ஃபிளிக்ஸ்ல சீரிஸ். இங்கிலாந்துல பசங்க படிக்கற ஸ்கூல், சார்லின்னு ஒருத்தன், ரக்பி ஆடற நிக்னு ஒருத்தன், பக்கத்து ஸ்கூல்ல தாரா, டார்சின்னு ரெண்டு பொண்ணுங்க ஜோடி. பெரும்பாலும் படம்தான், ஒரு மணி நேரத்துல ஒரு பாகம் முடிஞ்சுடும். சாவு இல்ல. ஆனா பின்னாடி வர்ற பாகங்கள்ல சார்லி சரியா சாப்பிடாம உடம்பையும் மனசையும் கெடுத்துக்கறது வரும், அதை மட்டும் நீங்க முன்னாடி படிச்சுட்டுக் குடுங்க. இந்த இனிப்பான புக்கை பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாம கடையில வச்சதுக்கு ஹங்கேரியில 2023ல ஒரு பெரிய புத்தகக் கடைக்கு 1 கோடியே 20 லட்சம் ஃபோரிண்ட் அபராதம் போட்டாங்க. கவர் போடறதுக்கு ஒரு சட்டம்! நமக்கு அட்டை போடற ஞாபகம்தான் வருது.

நம்ம வீட்டுச் சூழல் வேணும்னா அதிபா ஜைகிர்தார் எழுதின 'த ஹென்னா வார்ஸ்', 2020. டப்ளின்ல வளர்ற வங்காளதேச முஸ்லிம் பொண்ணு நிஷாத், ஆரம்பத்துலயே அம்மா அப்பாகிட்ட சொல்லிடுவா, அவங்க சத்தம் போடாம மௌனமாகிடுவாங்க. அந்த மௌனம் எப்படி இருக்கும்னு நமக்கு யாரும் சொல்லித் தரவேணாம், சாப்பாடு போடுவாங்க, பேச மாட்டாங்க. ஸ்கூல்ல பிசினஸ் போட்டி, இவ மருதாணி போட்டு சம்பாதிக்கலாம்னு கிளம்ப, இவளுக்குப் பிடிச்ச பொண்ணே எதிர்க் கடை மருதாணி. தங்கச்சி பிரீத்திதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பாத்திரம், ஒவ்வொரு அக்காவுக்கும் ஒரு பிரீத்தி வேணும்.

தமிழ்ல கேட்டீங்க. புத்தகக் கண்காட்சிக்குப் போனா தெரியும், படம் போட்ட சிறுவர் கதை ஒரு பக்கம், நேரா பெரியவங்க நாவல் அடுத்த பக்கம், நடுவுல 13லேருந்து 18 வரைக்கும் இருக்கற பிள்ளைங்களுக்குன்னு இருக்கற அலமாரி கையகலம்தான். ஆண் பெண் காதலே அந்த வயசுக்குன்னு ஒழுங்கா எழுதறது அபூர்வம், இதுக்கு எங்க போறது. யாராவது எழுதினா முதல் காப்பி எனக்கு.

சிங்கப்பூர் பத்தியும் சொல்லிடறேன், நாங்க ஒண்ணும் யோக்கியம் இல்ல. 2014ல இங்க தேசிய நூலக வாரியம் ரெண்டு ஆண் பென்குயின் சேர்ந்து குஞ்சு வளர்க்கற படப் புத்தகத்தையும் இன்னும் ரெண்டையும் அலமாரியிலேருந்து எடுத்துடுச்சு, ஒண்ணைக் கூழாவே ஆக்கியாச்சு. பெத்தவங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து நூலகக் கட்டிடத்துலயே உக்காந்து அந்தப் பென்குயின் கதையைப் படிச்சாங்க. அப்புறம் மிச்சம் இருந்ததைப் பெரியவங்க பகுதியில வச்சாங்க. சின்னப் புள்ளைக்கு எழுதின பென்குயின் இப்ப பெரியவங்க நாவலுக்கு நடுவுல நிக்குது.

கணக்குடீச்சர்_கோவை

மூணு வாரம் கழிச்சு வர்றேன், ஸ்கூல் ஸ்டாஃப் மீட்டிங், அட்மிஷன்னு வேலை. எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றிங்க. ஆச்சிம்மா, உங்க மச்சான் விஷயத்தைப் படிச்சுட்டு நானும் ஃப்ரெண்டும் விழுந்து விழுந்து சிரிச்சோம், அப்புறம் ரெண்டு பேருமே சும்மா உக்காந்திருந்தோம்.

'ஆனி'யும் 'ஹென்னா வார்ஸ்'ம் என் பேர்ல வாங்கி, பழைய கணக்கு கைடு அட்டையைப் போட்டுக் குடுத்தேன் (சிங்கை அக்கா, ஹங்கேரிக்காரங்களுக்கு நாம ஒண்ணும் குறைச்சல் இல்ல). வாங்கினதும் என்ன பண்ணினா தெரியுங்களா, நேரா கடைசிப் பக்கத்தைத் திறந்து நின்ன வாக்குலயே படிச்சா. எனக்கு முதுகைக் காட்டிட்டு நின்னா, ரொம்ப நேரம் திரும்பல. அப்புறம் போய் ஜன்னலோரமா உக்காந்து முதல் பக்கத்துலேருந்து ஆரம்பிச்சா. ரெண்டு நாள்ல முடிச்சுட்டா. நடுவுல ஒரு தடவை ஓடி வந்து என்சைக்ளோபீடியா பக்கத்தைக் காட்டினா. நெல்லை தம்பி, நீங்க எழுதினது ஞாபகம் வந்துச்சு.

ரெண்டாவது நாள் ராத்திரி சாப்பிட்டுட்டு இருக்கோம், மூணு பேரும். பூனை ரெண்டும் கீழ கத்திட்டு இருக்கு. சட்டுனு கேக்கறா, "சித்தி, அந்த ரெண்டு டீச்சருக்கும் வேலை போன மாதிரி உனக்கும் போயிடுமா?"

நான் அவகிட்ட ஒண்ணுமே சொன்னதில்லைங்க. உங்ககிட்டயும் சொல்லல. என் ஃப்ரெண்டு தண்ணி எடுத்துட்டு வர்றேன்னு எந்திரிச்சு சமையக்கட்டுக்குப் போயிட்டா. தண்ணி சொம்பு டேபிள் மேலயேதான் இருந்துச்சு.

"தெரியல கண்ணு, சாப்பிடு"ன்னேன். அவ பாட்டுக்கு ரசம் ஊத்திக்கிட்டா. அப்புறம், "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், நீயும் எங்கம்மாகிட்ட சொல்லாத"ன்னா. ஒப்பந்தம் முடிஞ்சது.

அடுத்த வாரம் ஊருக்குப் போறா, புக்கு ரெண்டும் இங்கயே இருக்கட்டும்னுட்டா. பரிச்சை லீவுக்கு வருவாளாம், அதுக்குள்ள இன்னொண்ணு வாங்கி வைக்கச் சொல்லியிருக்கா. ராக்கெட் கட்டாயமாம் இந்த தடவை.

நூலகத்துஅக்கா_சிங்கை

டீச்சர், ராக்கெட்னா ஒண்ணே ஒண்ணுதான். மலிண்டா லோ எழுதின 'லாஸ்ட் நைட் அட் த டெலிகிராஃப் கிளப்', 2021, அந்த வருஷம் அமெரிக்காவோட நேஷனல் புக் அவார்ட் இளையோர் பிரிவுல வாங்கிச்சு. 1954, சான்ஃபிரான்சிஸ்கோ சைனாடவுன், லில்லி ஹூன்னு 17 வயசுப் பொண்ணு, ராக்கெட் விஞ்ஞானி ஆகணும்னு கனவு, அவ அத்தை ஜெட் புரபல்ஷன் லேப்ங்கற ராக்கெட் ஆராய்ச்சிக் கூடத்துல கையால கணக்குப் போடற வேலையில இருப்பாங்க, அந்தக் காலத்துல கம்ப்யூட்டர்னா அந்தப் பொம்பளைங்கதான். கம்யூனிஸ்ட்னு சந்தேகப்பட்டு அவ அப்பாவோட குடியுரிமைப் பேப்பருக்கே ஆபத்து வர்ற நேரம், இவ ஒரு பொண்ணோட ராத்திரி கிளப்புக்குப் போறா. 'ஆனி'யை விட கனமான புக்கு, ஒரு இடம் கொஞ்சம் வளர்ந்தவங்களுக்கு, நீங்க முதல்ல படிச்சுடுங்க. நீங்களும் உங்க ஃப்ரெண்டும் சேர்ந்தே படிக்கலாம், அத்தை கணக்குக்காரங்க, உங்களுக்குப் பிடிக்கும்.

யாரும் சாகல. கடைசிப் பக்கத்தை அவ முதல்ல படிச்சாலும் பரவாயில்ல.